நாற்பத்தொன்றாவது சத்தம்

செய்தி வந்த நேரம் வியாழக்கிழமை காலை பதினொன்று இருபது. அக்காவின் காதில் அது விழுந்தது பன்னிரண்டு ஐந்துக்கு. இடையில் இருந்த முக்கால் மணி நேரமும் அவள், தான் வேலை பார்க்கும் காது டாக்டரின் கிளினிக்கில், சத்தம் புகாத கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குக் காது சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் மைக்கில் ஒரு வார்த்தை சொல்வாள். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "படகு" என்றாள். "கதவு" என்றார். "குடை" என்றாள். அதற்கும் "கதவு" என்றார்.

"ஐயா, கதவு இந்தப் பட்டியல்லயே இல்ல."

"நாப்பது வருசம் அதைத்தானேம்மா தட்டினேன். வேற என்ன கேக்கும்?"

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒரு தடவைதான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனை நடக்கும்போது போன் மேசை இழுப்பறையில் வாய் மூடிக் கிடக்க வேண்டும் என்பது அங்கே விதி. தபால்காரரை வெளியே உட்கார வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தால், தம்பியின் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள்.

ஒன்பதைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். தம்பி லிப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் கணினியில் விளையாட்டு செய்வான், அதுவும் பேய் விளையாட்டு. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு கேம் ஜாம் முடிகிறது. ஒரு தலைப்பைக் கொடுத்து, பத்து நாளில் அதற்கு ஒரு விளையாட்டைச் செய்து வலையில் ஏற்று என்பார்கள். பரிசும் கிடையாது, பட்டமும் கிடையாது. முகம் தெரியாத நூறு பேர் விளையாடிப் பார்த்து ஆளுக்கு நாலு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். இந்தத் தடவை தலைப்பு 'ஒரே அறை'. விளையாட்டுக்கு வேண்டிய சத்தமெல்லாம் அக்காவின் பொறுப்பு. மொத்தம் நாற்பத்தொரு சத்தம். புதன்கிழமை வரை முப்பத்தைந்து முடிந்திருந்தது. முப்பத்தாறைக் கேட்டுத்தான் உயிரை வாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே திருப்பி அழைத்தாள்.

எடுத்தது தம்பியில்லை. அவனோடு வேலை பார்க்கும் பெரிய மெக்கானிக்.

"தங்கச்சி, நான் பேசறேன்மா."

"சொல்லுங்கண்ணே."

"தம்பி மேல மெஷின் ரூமுக்குப் போனான். ரொம்ப நேரமா இறங்கி வரல. போய்ப் பாத்தா…"

குரல் அங்கே நின்றது.

அந்த வரி அக்காவுக்கு மனப்பாடம். போன வாரம்தான் பெரிய மெக்கானிக்கைக் கிளினிக்குக்கு இழுத்து வந்து, கண்ணாடி அறையில் நிற்க வைத்து, விளையாட்டில் வரும் காவலாளிக்காக அவரைப் பேச வைத்திருந்தான் தம்பி. 'மேல போன ஆளு இறங்கி வரல.' ஒரே ஒரு வரி. ஏழு தடவை பேசியும் மனிதர் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிதான் பேசினார். "கொஞ்சம் நடுக்கம் வேணும்ணே" என்று தம்பி கெஞ்சினான். "என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்து எதிர்ல நிறுத்து, தானா நடுங்கும்" என்றார் அவர். கடைசியில் நடுக்கமில்லாத அந்த வரியையே வைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு நடுக்கம் இருந்தது.

"அண்ணே, இப்பத்தான் சரியா வருது" என்றாள் அக்கா. "ஆனா கடைசியில முழுங்கிட்டீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

பெரிய மெக்கானிக் சொன்னதைச் செய்கிற மனிதர். சொன்னார்.

"தம்பி மேல போனான்மா. இறங்கி வரல. போய்ப் பாத்தா உக்காந்தமேனிக்கு இருந்தான். தொட்டுப் பாத்தேன். உயிர் இல்லம்மா."

இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் அவர் விழுங்கவில்லை.

அக்கா "சரிண்ணே" என்றாள். போனை வைத்தாள். தபால்காரரின் சோதனைத் தாளை எடுத்து, வலது காதுக்கு ஒரு கோடு, இடது காதுக்கு ஒரு கோடு என்று புள்ளிகளைச் சேர்த்துப் போட்டாள். கீழே கையெழுத்திட்டாள். அவரைக் கூப்பிட்டு, டாக்டரம்மா பார்க்கும்வரை காத்திருங்கள் என்றாள். அந்தத் தாளில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்னார். கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றாள். எது வலது, எது இடது என்று பிடிபடவில்லை. டாக்டரம்மா குனிந்து மாட்டிவிட்டார்.

தம்பிக்கு முப்பத்துமூன்று வயது. ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்ததில்லை. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் காலையிலிருந்து பிரேக் சரி செய்திருக்கிறான். வேலை முடிந்து, ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் அடுக்கி, பையின் ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டு, மெஷின் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். இதயம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர், ஒரே வார்த்தையில். ஸ்ட்ரெச்சர் அந்த லிப்டுக்குள் நுழையவில்லை. யாரோ ஒரு வீட்டிலிருந்து சாப்பாட்டு மேசை நாற்காலி கொண்டுவந்தார்கள். அதில் அவனை உட்கார வைத்து, பெரிய மெக்கானிக் பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொள்ள, அவன் அப்போதுதான் சரி செய்து முடித்த லிப்டில், பதினொரு மாடியும் இறக்கினார்கள். "கொஞ்சம்கூடக் குலுங்கலம்மா" என்றார் பெரிய மெக்கானிக். அன்று முழுவதும் வருகிற ஆளிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ்வளவு நல்லா செஞ்சிருந்தான். குலுங்கவே இல்ல."

பேய் விளையாட்டு செய்கிறவன் என்றதும் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. அவனைப் போன்ற பயந்த சுபாவத்தைப் பார்க்க முடியாது. பத்து வயதுவரை குளியலறைக்குப் போனால் வாசலில் அக்கா நின்று பாட வேண்டும். பாட்டு நின்றால் பாதி சோப்போடு ஓடி வருவான். பெரியவனான பிறகு லிப்ட் கம்பெனியில் சேர்ந்தான். லிப்ட் ஓடும் குழிக்குள் இறங்குகிற நாளெல்லாம் இடுப்பில் ஒன்று, நெற்றியில் ஒன்று, பையில் ஒன்று என்று மூன்று டார்ச். கம்பெனியில் அவனுக்கு டார்ச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜாமிலும் அதே பெயரில்தான் இருந்தான்.

"பயப்படறவன் எதுக்குடா பேய் விளையாட்டு செய்யறே?" என்று அம்மா கேட்பாள்.

"சமையல்காரங்க எல்லாம் பசிக்குதுன்னா சமைக்கிறாங்க?" என்பான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா யோசித்து முடிப்பதற்குள் அறைக்குள் போய்விடுவான்.

இரண்டாவது மாடியில் மூன்றே அறை கொண்ட வீடு. அப்பா இறந்த பிறகு அம்மா, அக்கா, தம்பி என்று மூன்று பேர். அக்காவின் கல்யாணம் ஒரு வருடம் நடந்து முடிந்துபோன கதை. அதை யாரும் பேசுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மா தொலைக்காட்சி முன்னால், தம்பி கணினி முன்னால், அக்கா இருவருக்கும் நடுவில். சத்தத்தில் அவளுக்கு இருந்த பித்து அவனுக்கு லாபமாகப் போயிற்று. கிளினிக் மூடிய பிறகு கண்ணாடி அறையைப் பயன்படுத்திக்கொள்ள டாக்டரம்மா விட்டிருந்தார். ஈரத் துணியை முறுக்கினால் கயிறு இழுபடும் சத்தம். உலர்ந்த இலையை மைக்குக்குப் பக்கத்தில் கசக்கினால் தீ. எலும்பு முறியும் சத்தத்துக்கு மட்டும் எதுவும் சரிப்பட்டு வரவில்லை. ஒரு நாள் அம்மா சோபாவிலிருந்து எழுந்தாள். முழங்கால் 'டக்' என்றது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அம்மா, இன்னொரு தடவை உக்காந்து எந்திரி."

"எதுக்குடா?"

"உன் முழங்காலுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு."

பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தாள் அம்மா, திட்டிக்கொண்டே. விளையாட்டில் பன்னிரண்டாவது சத்தம் அது.

அவர்கள் வேலை செய்த விதம் இப்படி. தம்பி முதலில் எல்லாச் சத்தத்தையும் தன் வாயாலேயே போட்டு வைப்பான். கதவு திறக்கிற இடத்தில் 'க்ர்ர்ரீச்' என்பான். நடக்கிற இடத்தில் 'டக் டக் டக், அய்யோ கால் வலிக்குது' என்பான். பேய் வருகிற இடத்தில் 'ஊஊ… நான்தான் பேய், சாப்டாச்சா?' என்பான். இதற்கு வாய்ச்சத்தம் என்று பெயர். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண். அக்கா நிஜச் சத்தத்தைப் பதிவு செய்து, அதே எண்ணைப் பெயராக வைத்து, அதே பெட்டியில் போட்டால் போதும். வாய்ச்சத்தம் போய் நிஜச் சத்தம் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு தம்பி பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய பட்டியலில், சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். கோடு இழுக்கும்போது மேளக்காரன் மாதிரி தலையை ஆட்டுவான்.

ஒரு வாய்ச்சத்தம் மிச்சமிருந்தாலும் விளையாட்டு முடியவில்லை என்றுதான் அர்த்தம் என்பது அவன் வைத்திருந்த சட்டம். முடியாததை வலையில் ஏற்ற மாட்டான். அந்தச் சட்டத்தாலேயே இதற்கு முன் நான்கு ஜாமிலும் அவன் எதையும் ஏற்றவில்லை. கணினியில் நான்கு பெட்டிகள் அப்படியே கிடந்தன: 'முதல்', 'இரண்டு', 'இதையாவது', 'சத்தியமா'. இந்த ஐந்தாவதன் பெயர் 'அக்கா திட்டுவா'.

"வாழ்க்கையில எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடா?" என்று அம்மா கேட்டது, ஜாம் தொடங்கிய முதல் நாள். சும்மா வாயில் வந்ததைக் கேட்டாள்; அப்போது அவள் தேடிக்கொண்டிருந்தது மூக்குக் கண்ணாடியை.

"இந்தத் தடவை முடிச்சுக் காட்டறேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணி. கடிகாரத்தைப் பாத்துக்கோ."

விளையாட்டு இதுதான். பதினொரு மாடிக் கட்டடத்தின் லிப்டில் நீங்கள் ஏறுகிறீர்கள். பொத்தான்கள் பன்னிரண்டு இருக்கின்றன. லிப்ட் நின்றுவிடுகிறது. அபாய மணியை அழுத்தினால் இண்டர்காமில் ஒரு குரல் கேட்கிறது: பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன். காத்திருக்கிறீர்கள். விளக்கு மங்குகிறது, சுவருக்குள் யாரோ நடக்கிறார்கள். மறுபடி அழுத்தினால் அதே குரல், அதே மூன்று வரி. எத்தனை தடவை அழுத்தினாலும் அதேதான்.

"இதுல பேய் எங்கடா?" என்றாள் அம்மா.

"வந்துட்டே இருக்கேன்னு சொல்லிட்டு வராம இருக்கில்ல, அதாம்மா பேய்."

"அப்ப நீ தெனமும் ஆறு மணிக்கு வந்துடறேன்னு போன்ல சொல்றியே, அது யாரு?"

அந்த மூன்று வரியும் அவன் வேலையில் நிஜமாகவே சொல்கிறவைதான். லிப்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேர் அதைக் கேட்டுக் கதவை உடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் விளையாட்டில் அதைத் தான் பேசக் கூடாது என்று நின்றான். "நான் பேசினா பயம் வராதுக்கா. நான் நிஜமாவே வந்துடுவேன்னு தோணும். உன் குரல்தான் வேணும். காது டெஸ்ட் பண்ற குரல். அதுல உசுரே இருக்காது."

"வாயைக் கழுவுடா."

நாற்பத்தொன்றாவது சத்தம் அது. பட்டியலின் கடைசி வரி.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. வீடு நிறைய ஆட்கள் வந்து, வீடு காலியானது. அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். செய்தி காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். காதில் விழுவது வேறு, கேட்பது வேறு என்று தினமும் நாலு பேருக்கு விளக்குகிறவள் அவள். யாராவது படியேறி வந்தால் கை தானாக நான்காவது தட்டை எடுக்கப் போனது, சித்தி வந்திருந்ததால். மூன்று பேர் வீட்டில் சித்தியோடு நாலு. கையில் தட்டோடு எண்ணிப் பார்ப்பாள். மூன்றுதான். மறுபடி எண்ணுவாள்.

சனிக்கிழமை காலை பிரிட்ஜைத் திறக்கப் போனவளின் கண்ணில் பட்டியல் பட்டது. முப்பத்தைந்து சிவப்புக் கோடுகள். ஆறு மிச்சம்.

"நாளைக்கு ஆறு மணி" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"இப்பப் போய் விளையாட்டா?" என்றாள் சித்தி. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அம்மா சோபாவில் சுருண்டு கிடந்தாள். முகத்தைத் திருப்பாமல், "அவ செய்யட்டும். முடிச்சுக் காட்டறேன்னு சொன்னான்" என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

முப்பத்தாறு, லிப்ட் கயிறு முறுக்கிக்கொள்ளும் சத்தம். புதன்கிழமையே கிளினிக்கில் பதிவு செய்து, வியாழன் மாலை கொடுக்கலாம் என்று வைத்திருந்தாள். கணினியைத் திறந்து, 'அக்கா திட்டுவா' பெட்டியில் அதைப் போட்டாள். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்டது. முப்பத்தைந்து தடவை கேட்ட கேள்வி. முப்பத்தைந்து தடவை சொன்ன பதில். விரல் தானாக 'ஆம்' என்று அழுத்தியது.

அழுத்திய பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது.

முப்பத்தாறில் இருந்தது தம்பியின் குரல். கயிறு முறுக்கிக்கொள்வதற்கு அவன் வாயால் ஏதோ ஒரு சத்தம் போட்டு வைத்திருந்தான். என்ன சத்தம்? கேட்டிருக்கிறாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, கேட்டுவிட்டு இருவரும் சிரித்தார்கள். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. சத்தம் ஞாபகம் இல்லை. குப்பைத் தொட்டியில் தேடினாள், பெட்டி பெட்டியாகத் தேடினாள். வாய்ச்சத்தத்துக்கெல்லாம் யாரும் நகல் வைப்பதில்லை. அவன் நேரே கணினியில் பேசி, அவள் நேரே அதன் மேல் வைத்தாள். அப்படியே கதவு, நடை, 'நான்தான் பேய், சாப்டாச்சா' எல்லாம். ஒரு வாரமாகத் தம்பி ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் சிவப்புக் கோடு போட்டுத் தலையை ஆட்டியிருக்கிறான்.

எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. சித்தி வந்து தோளைத் தொட்டபோது, "முப்பத்தாறு" என்றாள். "முப்பத்தாறு போச்சு சித்தி." சித்தி பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

மிச்சம் ஐந்து. அந்த ஐந்தையும் முதலில் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள், பிறகு இன்னொன்றில். இரண்டையும் அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டிவிட்டு, மூன்றாவதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனாள். அந்த ஐந்தையும் அவள் போட்டுக் கேட்கவில்லை. கேட்க முடியுமா என்று சோதிக்கும் நிலையில் அவள் இல்லை.

பிற்பகலில் கிளினிக்குக்குப் போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினால் அங்கே தெருவும் இல்லை, காற்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சொந்த இரத்தம் ஓடுவது காதில் கேட்கத் தொடங்கும். முதல் தடவை உள்ளே வந்த அன்று தம்பி இரண்டே நிமிடத்தில் கதவைத் தட்டினான். "எனக்குள்ள யாரோ இருக்காங்கக்கா" என்றான். ஸ்டீல் டம்ளரில் கரண்டியால் தட்டி முப்பத்தேழை எடுத்தாள், அது பன்னிரண்டாவது மாடியின் மணி. முப்பத்தெட்டு, பல்பு வெடிப்பது. முப்பத்தொன்பது, சுவருக்குள் நடை. செருப்பைக் கையில் மாட்டி மரப்பலகையில் நடக்கவிட்டாள். நாற்பது, லிப்ட் கதவு கடைசியாக மூடுவது. அதற்கு அந்த அறையின் கனத்த கதவையே மூடினாள்.

பிறகு மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, காது சோதிக்கும் குரலில், "பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்றாள். ஒரே தடவையில் வந்துவிட்டது. ஹெட்போனில் கேட்டாள். அவன் சொன்னது சரிதான். அதில் உயிரே இல்லை. அவன் இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான்.

ஞாயிறு மூன்று மணிக்குப் பெரிய மெக்கானிக் வந்தார், தம்பியின் ஸ்பானர் பையைக் கொடுக்க. கொடுத்துவிட்டுப் போகத் தெரியாமல் நின்றார். அக்கா நாற்காலியைக் காட்டினாள். சாப்பாட்டு மேசை நாற்காலி. அதைப் பார்த்தவர் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? நான் பேசின வசனம் இருக்கில்ல… அதை எடுத்துடேன்மா."

அவள் ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானே கூப்பிட்டு அதையே சொல்லி… நீ இன்னொரு தடவைன்னே. நானும் சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல."

"நான்தானேண்ணே கேட்டேன்."

"ஆமா."

"அவனுக்குப் பிடிச்ச வசனம்ணே. ஏழாவது தடவை பேசினதை வச்சிருக்கான்."

"நடுக்கமே இல்லாததா? சரி, இருக்கட்டும்" என்றார்.

நான்கரை மணிக்கு முப்பத்தேழிலிருந்து நாற்பதுவரை அதனதன் இடத்தில் வைத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கணினி, மாற்றவா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் பீரோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு 'ஆம்' என்றாள். பிரிட்ஜுக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கோடு இழுத்தாள், தலையை ஆட்டவில்லை. விளையாட்டை ஒரே கோப்பாகக் கட்ட இருபது நிமிடம் பிடிக்கும். கட்டுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டினாள். லிப்ட் ஏறியது. நின்றது. அபாய மணியை அழுத்தினாள்.

"பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்றான் தம்பி. ஏதோ தின்றுகொண்டே பேசியிருந்தான். தொடர்ந்து, மெல்லுவதை நிறுத்தாமல், "அக்கா, இதை நீதான் பேசணும், சரியா?"

பெரிய மெக்கானிக் தரையிலிருந்து எழுந்துவிட்டார். பக்கத்து அறையில் ஒரு 'டக்' கேட்டது. பன்னிரண்டாவது சத்தம். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"யாரு?"

"விளையாட்டும்மா."

"அவன் பேசினான்."

"போன வாரம் பேசினதும்மா. தற்காலிகமா போட்டு வச்சிருந்தான். இதை எடுத்துட்டு என் குரலை வைக்கணும். அதுதான் கடைசி."

அம்மா பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். மகன் செய்த எந்த விளையாட்டையும் அவள் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. திரையில் லிப்டின் உள்பக்கம். பன்னிரண்டு பொத்தான், கீழே ஒரு மஞ்சள் மணி.

"எதை அழுத்தினே?"

அக்கா காட்டினாள். அம்மா அழுத்தினாள்.

"பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன். அக்கா, இதை நீதான் பேசணும், சரியா?"

"வாயில என்னத்தையோ வச்சுக்கிட்டுப் பேசறான்" என்றாள் அம்மா. மறுபடி அழுத்தினாள். மறுபடி. விளையாட்டில் எழுதியிருந்தபடியே விளக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கியது. சுவருக்குள் செருப்பு நடந்தது. அம்மா எதையும் பொருட்படுத்தவில்லை. எட்டு, ஒன்பது என்று அக்கா தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாவது தடவையில் அவளுக்குள் என்னவோ அறுந்தது. வியாழக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்குக் காதில் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கேட்டது. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பெரிய மெக்கானிக் போய்ப் பேசி அனுப்பினார்.

அம்மா பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஐந்து இருபதுக்குப் பெரிய மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கச்சி, நேரம் ஆகுது. உன் குரல் ரெடியா இருக்கில்ல?"

"இருக்குண்ணே."

"வைக்கிறியா?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். நகல் மூன்று இருக்கிறது, பீரோவில் பத்திரமாக இருக்கிறது, வேண்டும்போதெல்லாம் கேட்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வச்சா இதுல அவன் இருக்க மாட்டானா?" என்றாள் அம்மா.

"இருக்க மாட்டான்."

"வைக்காட்டி?"

"முடியாத விளையாட்டுன்னு அர்த்தம். அவன் சட்டம் அது."

அம்மா யோசித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "நான்தான் கேட்டேன், எதையாவது முழுசா முடிச்சிருக்கியான்னு" என்றாள். "முடிக்க வேணாம். இப்படியே அனுப்பு."

கணினி இருபது நிமிடம் கட்டியது. பத்து நிமிடம் ஏறியது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு 'ஏற்றப்பட்டது' என்று திரையில் வந்தது. பெயர் 'பன்னிரண்டு', செய்தவர் 'டார்ச்சு'. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாரம் முடிவதற்குள் அறுபத்துநான்கு பேர் விளையாடியிருந்தார்கள். எலும்பு முறியும் சத்தத்தை நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். அக்கா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். காவலாளியின் குரலில் உணர்ச்சி போதாது என்று ஒருவர். கடைசியாக ஒருவர் எழுதியிருந்தது: 'இண்டர்காம் குரல் ஒன்றுதான் இடிக்கிறது. கேட்டால் பயமே வரவில்லை, அந்த ஆள் நிஜமாகவே வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். மாற்ற மறந்துவிட்டீர்களா?'

அக்கா பதில் எழுதவில்லை. அவள் பேசிய மூன்று வரி கிளினிக் கணினியில் இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் பட்டியல் இன்னும் இருக்கிறது. நாற்பது வரிகளின் மேல் சிவப்புக் கோடு, அதற்குக் கீழே அவன் கையெழுத்தில் '41. இண்டர்காம் - அக்கா', கோடு இல்லாமல்.